மீனாட்சிசுந்தரம் சாரை ‘அழகு தேவதை’ ஆக்கிய மெசேஜ் சேவை: மூன்று மாத அனுபவம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சந்தில் எங்கள் கடை. சுங்குடிச் சேலை, வேட்டி, துண்டு, உள்பாவாடை, நைட்டி. மாமனார் ஆரம்பித்தது. கல்லாவில் நான் உட்கார்ந்து 21 வருடம் ஆகிறது. ‘ஆள் பார்த்து மெசேஜ் அனுப்பித் தருகிறோம், ஆண்களுக்கு ஒரு மாதிரி, பெண்களுக்கு ஒரு மாதிரி’ என்று சொல்லும் ஒரு சேவைக்கு இந்த வருடம் மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதம் பணம் கட்டினேன். கட்டலாமா வேண்டாமா என்று பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் போடவில்லை. நடத்துவது இரண்டு பையன்கள், நல்ல பிள்ளைகள். ஒருவனுடைய கல்யாண வேட்டியே எங்கள் கடையில் எடுத்ததுதான்.

ஸ்டார் கேட்கிறவர்களுக்கு: ஐந்துக்கு மூன்று. முதல் மாதத்துக்கு மட்டும் என்றால் ஒன்றுதான். அந்த ஒன்றும் பையன்கள் மரியாதையாகப் பேசியதற்கு.

கட்டணம் மாதம் 6,000 ரூபாய், மெசேஜ் காசு தனி. வியாபார எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் விதிப்படி டிஎல்டி என்று ஒரு பதிவு உண்டு. கடையை, அனுப்புகிற பெயரை, அனுப்பப்போகிற வாசகத்தை எல்லாம் முன்கூட்டியே பதிய வேண்டும். அந்த அலைச்சல் முழுவதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் நாள் மடிக்கணினியோடு வந்து அந்தப் பையன்களில் ஒரு தம்பி விளக்கமாகப் படம் போட்டுக் காட்டினான். மார்ல்போரோ சிகரெட் 1924-ல் பெண்களுக்கென்று வந்ததாம், மென்மையானது என்று சொல்லி விற்றார்களாம். 1950-களில் அதையே மாட்டுக்காரன் படம் போட்டு ஆம்பளை சிகரெட் ஆக்கிவிட்டார்கள். 2005-ல் ஹீரோ ஹோண்டா பிளெஷர் வண்டி வந்தபோது, ஜாலியெல்லாம் பையன்களுக்கு மட்டும்தானா என்று கேட்டு விளம்பரம் போட்டார்கள். அதே வருடம் இமாமி கம்பெனி ஆண்களுக்கென்று தனியாக ஒரு சிவப்பழகு கிரீம் கொண்டுவந்தது, பெண்களுக்கான கிரீம் 1975 முதலே இருக்கும்போது. “பாத்தீங்களாக்கா, ஆள் பிரிச்சுப் பேசினா எப்படி விக்கிது” என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ‘சரக்கு ஒன்றுதானே, ஆளைத்தானே மாற்றியிருக்கிறார்கள், அப்படியென்றால் அந்த ஆண் பெண் எல்லாம் சரக்குக்குள் எங்கே இருந்தது’ என்று மனதுக்குள் ஓடியது. கேட்கவில்லை. வண்டி என்று எடுத்தால், டிவிஎஸ் 1911-ல் பிறந்த ஊர் இது. எங்கள் தெருவில் எக்செல் வண்டி காலையில் பூக்கூடை சுமக்கும், மதியம் சிமெண்டு மூட்டை சுமக்கும். அதற்கு யாரும் ஆண் பெண் பார்ப்பதில்லை.

அப்புறம் எங்கள் பில் புத்தகங்களை வாங்கிக்கொண்டு போய் நம்பர்களைக் கணினியில் ஏற்றினார்கள். மொத்தம் 4,186. பெயரைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஒரு சாஃப்ட்வேர் பிரிக்குமாம். இங்கேதான் கூத்து ஆரம்பம்.

மீனாட்சிசுந்தரம் சார் போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மீசை மட்டுமே கால் கிலோ இருக்கும். சாஃப்ட்வேர் ‘மீனாட்சி’ வரைக்கும் படித்துவிட்டு அவரைப் பெண்கள் பக்கம் தள்ளிவிட்டது. பாண்டியம்மாள் ‘பாண்டி’ ஆகி ஆண்கள் பக்கம் போய்விட்டார். தங்கம், ஜோதி, முத்து, ராஜாமணி எல்லாம் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இதில் என் தப்பும் உண்டு. பில் புத்தகத்தில் ‘மேலூர் பூக்கார அக்கா’, ‘பச்சை வேட்டி அண்ணன்’, ‘எம். டீச்சர்’ என்றுதான் பாதிப் பேரை எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு முகம் தெரியும், சாஃப்ட்வேருக்குத் தெரியுமா? வாட்ஸ்அப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம் என்றார்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது சாமி படம் அல்லது பேரப்பிள்ளை படம்.

பிரித்து முடித்து வந்த கணக்கு: ஆண்கள் 2,300, பெண்கள் 1,540, தெரியாதவர்கள் 346. கடைக்குள் வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள் என்பது கல்லாவில் உட்காராமலே தெரியும். பிறகு எப்படி ஆண் நம்பர் இத்தனை? பில் போடும்போது நம்பர் கேட்டால் பெண்கள் சொல்வது வீட்டுக்காரர் நம்பர். கண்டவனும் போன் பண்ணுவானே என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் பெரிய போன் ஒன்றுதான் இருக்கும், அது அவரிடம் இருக்கும். சிலருக்கு அவர் நம்பர் மட்டும்தான் மனப்பாடம். ஆக, பில்லில் இருக்கிற பெயர் ஒருவருடையது, சேலையைத் தேர்ந்தெடுத்த கை இன்னொருவருடையது. இதை நான் 21 வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் பணம் கட்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது.

முதல் மெசேஜ் மாசி முதல் வாரம். ஆண்களுக்கு ‘வீரத் தமிழா’ என்று ஆரம்பித்து வேட்டி விளம்பரம். வாட்ஸ்அப்பில் அதற்குத் திமிலோடு ஒரு காளைப் படம். பெண்களுக்கு ‘அழகு தேவதையே, உங்களவர் மனம் கவரும் வண்ணங்களில்’ என்று சேலை விளம்பரம், ரோஜாப்பூ படம். பெண்களுக்குக் காலை 11 மணி, வீட்டு வேலை முடித்து ஓய்வாக இருப்பார்களாம். ஆண்களுக்கு மாலை 7 மணி. விளம்பர எஸ்எம்எஸ் காலை 10 மணி முதல் இரவு 9 மணி வரைதான் அனுப்பலாம் என்பது விதி, அதற்குள் இந்தப் பிரிவினை. 11 மணிக்கு ஓய்வாக இருக்கும் பெண்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர் வகுப்பில் இருப்பார், பூக்கார அக்கா மாட்டுத்தாவணியில் இருப்பார், நான் கல்லாவில் இருப்பேன். மாலை 7 மணிக்கு ஆண்களின் கவனம் எங்கே இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

11 மணி 5 நிமிடத்துக்கு மீனாட்சிசுந்தரம் சாரிடமிருந்து போன். “என்னம்மா, நான் தேவதையா?” என்றார். பின்னால் அவர் வீட்டம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. அது போகட்டும்.

போகாதது ஒன்று உண்டு. வில்லாபுரத்திலிருந்து ஒரு அக்கா வருவார், பதினைந்து வருடப் பழக்கம். துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்த அசல் சுங்குடிதான் வேண்டும், பிரிண்ட் போட்டதைக் கையால்கூடத் தொட மாட்டார். முடிச்சு அவிழ்த்த இடம் லேசாகக் கூம்பி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுப்பார். அவர் வீட்டுக்காரர் போன ஆடியில் இறந்துபோனார், துக்கத்துக்கு நானும் போயிருந்தேன். மெசேஜ் போன நாலாம் நாள் வந்தார். உள்பாவாடை இரண்டு கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். பணம் கொடுத்துக்கொண்டே, “என்னவருக்குப் பிடிச்ச கலர் கேட்டிருந்தியேம்மா, அவருக்கு ஊதா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டு, ‘உங்களவர்’ என்ற வார்த்தை இனி என் கடை பெயரில் எங்கேயும் போகக் கூடாது என்றேன். “அது எல்லாக் கடைக்கும் போற டெம்ப்ளேட்டுக்கா” என்றான். அதுதான் பிரச்சினையே. ஆள் பார்த்துப் பேசுகிறோம் என்று காசு வாங்கிக்கொண்டு ஊருக்கே ஒரே வாசகத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை, மற்ற கடைக்காரர்களுக்கு இது உதவும். இங்கிலீஷ் எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து அடங்கும், தமிழ் என்றால் 70தான். அந்த 70-ம் நம் கணக்கு இல்லை. ‘வேட்டி’ நமக்கு மூன்று எழுத்து, மெசேஜ் கணக்கில் ஆறு. கொம்பு தனி, புள்ளி தனி, சுழி தனி என்று எண்ணும். ‘சுங்குடி’ நாலு எழுத்து, அது எட்டு என்கிறது. தேவதை மெசேஜ் இப்படி எண்ணி மூன்று மெசேஜ் காசு ஆகியிருக்கிறது. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பில் வந்த பிறகு நான் கேட்டுத்தான் சொன்னார்கள். 1909 என்ற நம்பரில் பதிந்து விளம்பரமே வேண்டாம் என்று வைத்திருப்பவர்கள் வேறு 1,100 பேருக்கு மேல். அவர்களுக்குப் போகவே போகாது.

முதல் மாதம் கல்லாவில் ஒரு நோட்டு வைத்து, மெசேஜ் பார்த்து வந்தீர்களா என்று எல்லோரையும் கேட்டு எழுதினேன். 31 பேர். அதில் ‘வீரத் தமிழா’ மெசேஜைக் காட்டிச் சேலை கேட்டு வந்த பெண்கள் மட்டும் 14 பேர்.

மகளிர் தினத்துக்கு இன்னொரு யோசனை வந்தது, அதையும் எழுதாமல் விட முடியாது. ஈரோட்டுத் துண்டு ஒன்று 180 ரூபாய்க்கு விற்கிறேன். அதே துண்டில் ரோஸ் நிறத்தை மட்டும் தனியாக எடுத்து, ரிப்பன் கட்டி, ‘லேடீஸ் ஸ்பெஷல்’ என்று 220-க்குப் போடலாம் என்றான் தம்பி. எம்பிஏ படித்த என் மருமகள் பக்கத்தில் இருந்தாள். “அத்தை, இதுக்குப் பேரே இருக்கு, பிங்க் டாக்ஸ்” என்று ஆரம்பித்தாள். நியூயார்க் நகரத்து நுகர்வோர் துறை 2015-ல் 800 பொருள்கள் வரைக்கும் ஒப்பிட்டுப் பார்த்ததாம். பெண்களுக்கென்று விற்கிற பொருள் சராசரியாக 7 சதவீதம் கூடுதல் விலையாம். ஒரே தறி, ஒரே நூல், சாயம்தான் வேறு. சாயத்துக்கு நாற்பது ரூபாயா? இங்கே வருகிறவர்கள் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர்கள், மறுநாளே திருப்பிக்கொண்டு வந்து முகத்தில் போடுவார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

அன்றைக்கு மருமகளும் தம்பியும் ஒரு மணி நேரம் சண்டை. ஆண்கள் கண்ணில் படுகிற ஒன்றிரண்டு விஷயத்தை வைத்தே முடிவு செய்வார்கள், பெண்கள் எல்லா விவரத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள் என்று ஆராய்ச்சி இருப்பதாக அவன் சொன்னான். இருக்கிறது, எங்களுக்கும் பாடமாக இருந்தது என்றாள் இவள். ஆனால் ஜேனட் ஹைட் என்ற உளவியல் பேராசிரியர் 2005-ல் இது மாதிரி ஆய்வுகளைத் திரட்டிய 46 தொகுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஆண் பெண் வித்தியாசங்களில் 78 சதவீதம் சின்னது, அல்லது இல்லவே இல்லை என்று வந்ததையும் எடுத்துப் போட்டாள். எனக்கு இருவரும் சொன்னது புரிந்தது. வேட்டி எடுக்க வரும் ஆண்களில் பலர் ஐந்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார்கள், உண்மைதான். ஆனால் செல்லூரிலிருந்து ஒரு ஆட்டோக்காரத் தம்பி, தங்கச்சி மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர்ச் சேலை எடுக்க வந்தான். நாற்பது சேலை பிரிக்க வைத்தான். முந்தியைத் தெருவெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். கரைச் சாயம் சேலை உடம்பில் ஒட்டுமா என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தான். அவன் எந்த ஆராய்ச்சியில் வருவான்? அன்றே ஒரு பேங்க் மேனேஜர் அம்மா வந்து, “போன தடவை எடுத்தேனே, அதே மாதிரி மூணு” என்று சொல்லிவிட்டு மூன்றே நிமிடத்தில் போய்விட்டார்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், வியாபாரம் மந்தமாக இருந்த நேரம், தம்பியை உட்கார வைத்துப் பட்டியலைத் திரும்ப வெட்டினேன். இந்தச் சேவைக்கு நான் கொடுக்கிற மூன்று ஸ்டாரில் இரண்டு இந்த மதியத்துக்குத்தான். முகம் சுளிக்காமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தான், இரண்டு டீ குடித்தான். ஆண், பெண் என்ற கட்டத்தை அவன் அழிக்கவில்லை, அதற்குப் பக்கத்தில் நான் சொன்னதையெல்லாம் புதுக் கட்டமாகப் போட்டான்.

ஆண்களுக்குள்ளேயே எத்தனை ரகம். ‘அதே கரை, அதே எட்டு முழம்’ ஆட்கள். அவர்களுக்கு வீரமும் வேண்டாம் காளையும் வேண்டாம், உங்கள் கரை வந்துவிட்டது என்றால் போதும். கார்த்திகையில் மாலை போட்டுக் கறுப்பு வேட்டி எடுப்பவர்கள் வேறு, பழனிக்கு நடக்கப் பச்சை எடுப்பவர்கள் வேறு. இரண்டையும் மாற்றி அனுப்பினால் சிரிப்பார்கள். அக்கா தங்கச்சிக்குச் சீர் செய்கிறவர்கள் ஆணாக இருந்தாலும் சேலைப் பட்டியலில்தான் இருக்க வேண்டும்.

பெண்கள் பக்கம் இன்னும் விரிவு. முடிச்சைத் தடவிப் பார்க்கிற சௌராஷ்டிரா வீட்டுப் பாட்டிகளில் பாதிப் பேர் சின்ன வயதில் தாங்களே முடிச்சுப் போட்டவர்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று நான் போர்டு வைத்திருக்கிறேன், அவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, துணியைத்தான் பார்க்கிறார்கள். போர்டைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பது லேடி டோக், பாத்திமா காலேஜ் பிள்ளைகள். சுங்குடியில் துப்பட்டா இருக்கா, சுடிதார் தைக்க மீட்டர் கணக்கில் கிடைக்குமா என்பார்கள். டீச்சர்களுக்கு நிறம் இரண்டாம் பட்சம், கஞ்சி போடாமல் கட்ட முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. மேலூர், உசிலம்பட்டிப் பக்கமிருந்து முகூர்த்த மாதம் வருகிறவர்கள் சேலையை ஒன்று இரண்டாகக் கேட்பதில்லை, டஜனில் கேட்பார்கள். இத்தனை பேரையும் ‘அழகு தேவதை’ என்று ஒரே சாக்கில் கட்டினால் எப்படி?

இன்னொரு கட்டமும் போடச் சொன்னேன்: இந்தப் போன் யார் கையில் இருக்கும்? இப்போது பில் போடும்போது கேட்கிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. “பகல்ல என்கிட்ட, ராத்திரி அவர்கிட்ட” என்று ஒரு அம்மா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அனுப்பியதில் அடித்து நொறுக்கியது என் மருமகள் எழுதிய ஒரு வரி: ‘பை வச்ச நைட்டி வந்தாச்சு’. அவ்வளவுதான். போனும் சில்லறையும் சாவியும் வைக்க இடமில்லாமல் இத்தனை வருடம் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மூன்று நாளில் 90 நைட்டி போய்விட்டது, திரும்ப ஆர்டர் போட்டோம்.

சித்திரைத் திருவிழாவுக்கு நானே எழுதினேன்: ‘கள்ளழகர் வர்றார். பச்சைச் சுங்குடி வந்தாச்சு’. கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 44, மீதி இடத்தில் கடைப் பெயர், ஒரே மெசேஜ் காசு. இதை மட்டும் எந்தக் கட்டமும் பார்க்காமல் எல்லோருக்கும் அனுப்பச் சொன்னேன். தம்பிக்கு மனசே இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு கட்டி வருகிறார் என்று ஆணும் பெண்ணும் ஒன்றாக நின்றுதானே பார்க்கிறார்கள் என்றேன். வேட்டிக்காரர்களும் வந்தார்கள், சேலைக்காரர்களும் வந்தார்கள், நோட்டில் 118 பேர். திருவிழாக் கூட்டம் எப்படியும் வரும், அதனால் அத்தனை பெருமையும் மெசேஜுக்கு என்று சொல்ல மாட்டேன்.

கட்டலாமா என்று கேட்டவர்களுக்கு: உங்கள் பில் புத்தகத்தில் யார் என்ன வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று எழுதியிருந்தால் கட்டுங்கள். வெறும் பெயரும் நம்பரும்தான் என்றால் 6,000 ரூபாய்க்கு வேறு செலவு பாருங்கள். வாசகத்தை நீங்களே எழுதுங்கள், அவர்கள் டெம்ப்ளேட்டைத் தொடாதீர்கள். பதிந்து அனுமதி வர இரண்டு நாள் ஆகிறது, திருவிழாவுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். தமிழில் எத்தனை மெசேஜாக எண்ணுவார்கள் என்று அனுப்புவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். நான் இன்னொரு மூன்று மாதம் நீட்டித்திருக்கிறேன், 4,500-க்குப் பேசி முடித்தேன்.

போன வாரம் மீனாட்சிசுந்தரம் சார் எட்டு முழம் எடுக்க வந்தார். “தேவதை வந்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டேதான் படியேறினார். தப்பாகிவிட்டது சார், ஆண்கள் பட்டியலுக்கு மாற்றிவிடச் சொல்கிறேன் என்றேன். “அய்யோ, மாத்திடாதம்மா” என்றார். பகலில் போன் வீட்டம்மா கையில்தான் இருக்கிறதாம், நைட்டி மெசேஜைப் படித்தது அவர்தானாம். பையிலிருந்து ஒரு சீட்டு எடுத்து நீட்டினார், அளவும் நிறமும் அவர் வீட்டம்மா கையெழுத்தில் இருந்தது. நைட்டி இரண்டு, பை வைத்தது.